நூல் ஆலை ஊரில் சம்பளத்துக்கு ஆடிய இந்தியர்... 29 வயதில் மறைந்த அமர் சிங் யார்?

2024-ல் நடந்த ஐபிஎல் ஏலத்தில் ரிஷப் பண்ட் 27 கோடி ரூபாய்க்குப் போனார். கிரிக்கெட் ஆடினா காசு வரும்னு இன்னிக்கு திருப்பூர் பனியன் கம்பெனியில் ஷிப்ட் முடிச்சு டென்னிஸ் பந்தில் மேட்ச் ஆடுற பையனுக்கும் தெரியும். ஆனா 90 வருஷத்துக்கு முன்னாடி, கிரிக்கெட்டை மட்டும் நம்பி இந்தியாவில் குடும்பம் நடத்த முடியாது. அந்தக் காலத்தில் கடல் கடந்து போய், திருப்பூர் மாதிரியே பஞ்சையும் நூலையும் நம்பி வாழ்ந்த ஓர் ஊரில் சம்பளத்துக்கு ஆடியவர்தான் அமர் சிங்.

யார் இவர்?

1910 டிசம்பர் 4-ம் தேதி குஜராத்தின் ராஜ்கோட்டில் பிறந்தவர். அண்ணன் ராம்ஜியும் டெஸ்ட் வீரர். வேகப்பந்து வீச்சுதான் அமர் சிங்கின் முக்கிய ஆயுதம். ஆனா கையில் மட்டையைக் கொடுத்தால் அதிரடி!

1932 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியா தன் முதல் டெஸ்ட்டை ஆடியது. இரண்டாவது இன்னிங்ஸில் விக்கெட்டுகள் சரிந்த நேரத்தில் 9-வது ஆளாக இறங்கி 51 ரன் அடித்தார் அமர் சிங். டெஸ்ட் கிரிக்கெட்டில் இந்தியாவுக்காக அடிக்கப்பட்ட முதல் அரைசதம் அதுதான்.

சேப்பாக்கத்தில் என்ன செய்தார்?

1934 பிப்ரவரியில் சென்னை சேப்பாக்கத்தில் முதன்முதலாக டெஸ்ட் போட்டி நடந்தது. இங்கிலாந்தின் முதல் இன்னிங்ஸில் 86 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார் அமர் சிங். மேட்ச்சில் தோற்றது இந்தியாதான். ஆனாலும் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் ஹீரோக்களில் ஒருத்தர் இவர்.

சம்பளத்துக்கு ஆடியது எப்படி?

அப்போ இந்தியாவில் கிரிக்கெட் மகாராஜாக்கள் கையில் இருந்தது. சமஸ்தானத்தில் ஏதாவது ஒரு வேலை கொடுத்து வீரர்களை வைத்துக்கொள்வார்கள். இங்கிலாந்தின் லங்காஷயர் லீக் கதையே வேற. பஞ்சாலைத் தொழிலாளர்கள் வார இறுதியில் டிக்கெட் வாங்கிப் பார்க்கும் போட்டி அது. ஒரு கிளப்புக்கு ஒரே ஒரு சம்பள வீரர்தான். நல்லா ஆடினால் கூட்டமே காசு வசூல் பண்ணிக் கொடுக்கும். சொதப்பினால் அடுத்த வருஷம் ஒப்பந்தம் கிடைக்காது.

அங்கே கோல்ன் என்ற ஊரின் கிளப்புக்கு ஆடினார் அமர் சிங். அந்த லீக்கின் முதல் இந்திய சம்பள வீரர் இவர்தான். பக்கத்து ஊரான நெல்சன் கிளப்புக்கு ஆடியவர் வெஸ்ட் இண்டீஸின் லியரி கான்ஸ்டன்டைன்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கு. இந்தியர்கள் அந்நியத் துணியைப் புறக்கணித்ததும் லங்காஷயர் ஆலைகளுக்கு ஓர் அடி. கதர் இயக்கத்தின் பெரிய மையமாக இருந்தது நம்ம திருப்பூர். அப்படிப்பட்ட நேரத்தில் அந்த ஆலை ஊர்களில் ஓர் இந்தியரின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வந்தது!

1936-ல் கிளப்பிடம் அனுமதி வாங்கித்தான் இந்தியாவுக்காக டெஸ்ட் ஆட வந்தார். லார்ட்ஸில் 35 ரன்னுக்கு 6 விக்கெட் அள்ளினார்.

எப்படி மறைந்தார்?

1936-க்குப் பிறகு பத்து வருஷம் இந்தியாவுக்கு டெஸ்ட் போட்டியே இல்லை. இடையில் உலகப் போர் வந்தது. 25 வயதிலேயே கடைசி டெஸ்ட்டை ஆடி முடித்திருந்த அமர் சிங், 1940 மே 21-ம் தேதி ஜாம்நகரில் நிமோனியாவால் இறந்தார். வயது 29.

சரியாக நான்கு நாள் கழித்து, மே 25-ம் தேதி, இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில் கிருமி செலுத்தப்பட்ட எலிகளுக்கு பெனிசிலின் மருந்தைப் போட்டுச் சோதித்தார்கள். மருந்து போட்ட எலிகள் பிழைத்தன. அந்த மருந்து சாதாரண மக்கள் கைக்கு வந்து சேர இன்னும் சில வருஷம் ஆனது.

7 டெஸ்ட், 28 விக்கெட், 292 ரன். ரெக்கார்டு புத்தகத்தில் இவர் கணக்கு இவ்வளவுதான். ஆனா ஆட்டத்தையே தொழிலாக்கி ஓர் இந்தியரால் பிழைக்க முடியும்னு அப்பவே காட்டிட்டுப் போனவர் அமர் சிங்.