காட்டு கான்ட்ராக்டர் எழுதிய மாயாஜால நாவல்: யார் இந்த தேவகி நந்தன் கத்ரி?

பழனி மலையில் இருக்கும் தாண்டிக்குடிக்குப் போனால், காபித் தோட்டங்களோடு ஒரு கதையும் கிடைக்கும். முருகன் இங்கிருந்துதான் பழனிக்குத் தாண்டிக் குதித்தாராம். 'தாண்டிக் குதி'தான் தாண்டிக்குடி ஆச்சாம். இந்த மலைகளில் இருக்கும் பழங்காலக் கல்திட்டைகளைக் குள்ளர்கள் வாழ்ந்த வீடு என்றும் சொல்வார்கள்.

இப்படி ஊருக்கு ஊர் இருக்கும் கதைகளை வைத்து ஒரு ஃபேன்டசி நாவல் எழுதினால் யார் படிப்பாங்க? 1888-லேயே இதற்குப் பதில் சொன்னவர் ஒருவர் இருக்கிறார். அவர்தான் இந்தி எழுத்தாளர் தேவகி நந்தன் கத்ரி.

காட்டில் என்ன வேலை?

1861-ல் பீகாரில் பிறந்தவர் கத்ரி. முதலில் படித்தது உருதுவும் பாரசீகமும். பிறகு காசிக்குக் குடிபெயர்ந்தார். அங்கே சகியா, நௌகட் காடுகளில் கான்ட்ராக்ட் எடுத்தார். வேலைக்காகச் சுற்றிய இடமெல்லாம் அடர்ந்த காடு, குகைகள், இடிந்த கோட்டைகள்.

அந்தத் தொழில் நீடிக்கவில்லை. ஆனால் பார்த்த இடங்கள் மனசை விட்டுப் போகவில்லை. அதிலிருந்து பிறந்ததுதான் 'சந்திரகாந்தா'.

கதையில் என்ன ஸ்பெஷல்?

விஜய்கட் இளவரசி, நௌகட் இளவரசன், குறுக்கே வரும் சுனார் ராஜா. மூன்றுமே நிஜ ஊர்கள். மாறுவேடம் போட்டு, மயக்க மருந்து கொடுத்து ஆளைத் தூக்கும் 'அய்யார்' என்ற ஒற்றர்களும், உள்ளே போனால் வெளியே வர முடியாத 'திலிஸ்ம்' என்ற மாய மாளிகையும் கதை சொல்லிகள் வாய்வழியாகச் சொல்லிவந்த பழைய 'தாஸ்தான்' கதைகளில் இருந்து வந்தவை.

கத்ரி செய்த மாற்றம் ஒன்றுதான். பழைய கதைகளில் மந்திரம் செய்த வேலையை, இவர் இயந்திரப் பொறிகளுக்கும் ரசாயனத்துக்கும் கொடுத்தார். மாயம் நிஜத்தில் நடக்கக்கூடியதாகத் தெரிந்தது.

அப்புறம் என்ன ஆச்சு?

வாசகர்கள் விடவே இல்லை. தொடர்ச்சியாக வந்த 'சந்திரகாந்தா சந்ததி' 24 பாகங்கள் வரை போனது. 1898-ல் காசியில் லஹரி பிரஸ் என்ற சொந்த அச்சகத்தையே கத்ரி தொடங்கிவிட்டார்.

அந்தக் காலத்தில் அங்கே படித்தவர்களில் பலருக்கு உருது எழுத்துதான் பழக்கம். இந்த நாவலைப் படிக்கவே நிறைய பேர் இந்தி கற்றுக்கொண்டதாக, இந்தி இலக்கிய வரலாற்றை எழுதிய ராமச்சந்திர சுக்ல பதிவு செய்திருக்கிறார். ஆனால் அதே சுக்ல, இவற்றை இலக்கியம் என்று ஏற்கவில்லை. வெறும் சம்பவங்கள்தான், வாழ்க்கை இல்லை என்பது அவருடைய வாதம்.

கத்ரி 1913-ல் இறந்தார். பாதியில் நின்ற 'பூத்நாத்' நாவலை மகன் துர்கா பிரசாத் கத்ரி முடித்தார். 1994-ல் தூர்தர்ஷனில் 'சந்திரகாந்தா' சீரியல் வந்தது. எழுதி நூறு வருஷம் தாண்டியும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாடே டிவி முன்னால் உட்கார்ந்தது.

நமக்கு என்ன?

கத்ரி புது உலகம் எதையும் வெளியிலிருந்து கொண்டுவரவில்லை. தான் நடந்த காட்டையும் காதில் விழுந்த கதையையும்தான் பயன்படுத்தினார். அவருக்கு நௌகட் என்றால், நமக்குத் தாண்டிக்குடி. ஃபேன்டசி எழுத ஆசைப்படுபவர்கள் டிராகனைத் தேடுவதற்கு முன்னால், ஊரில் இருக்கும் பாட்டிக்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம்.