போட்டுப் பார்த்துக் கற்றவர்: என்ரிகோ ஃபெர்மி

பௌதிகத்தில் ஆராய்ச்சிப் பட்டத்துக்கு வந்து, லாட்டிஸ் க்யூ.ஸி.டி. என்னும் துறையில் காலெடுத்து வைக்கும் நம் மாணவ நண்பர் நாளொன்றுக்கு எத்தனை தடவை ‘ஃபெர்மியான்’ என்ற சொல்லை உச்சரிக்கிறார் என்று எண்ணி மாளாது. அச்சொல்லுக்குள் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் எப்படிப் படித்தார் என்று அறிந்தால், அத்துறையை எப்படிப் படிப்பது என்பதும் ஓரளவு விளங்கும் என்பது என் எண்ணம்.

என்ரிகோ ஃபெர்மி 1901-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் ரோமாபுரியில் பிறந்தார். தந்தை ரயில்வே உத்தியோகஸ்தர். தாய் பள்ளி ஆசிரியை. அண்ணன் ஜூலியோதான் அவருக்கு விளையாட்டுத் தோழன். இருவரும் சேர்ந்து சிறு சிறு மின்சார மோட்டார்கள் செய்து மகிழ்வார்கள். 1915 ஜனவரியில் தொண்டையில் ஒரு சிறிய ரண சிகிச்சைக்குப் போன ஜூலியோ, வீடு திரும்பவில்லை. தாய் நெடுநாள் தேறவில்லை. பதின்மூன்று வயதுச் சிறுவனோ தன் துயரத்தைப் புத்தகங்களில் கொண்டுபோய்ப் புதைத்தான்.

ரோமில் காம்போ டே ஃபியோரி என்றொரு சந்தை உண்டு. அங்கே பழைய புத்தகக் குவியலிலிருந்து அவன் வாங்கி வந்தது, 1840-இல் ஒரு பாதிரியார் எழுதிய கணிதப் பௌதிக நூல். இரண்டு பாகம், ஏறத்தாழ 900 பக்கம். படித்து முடித்த பிறகுதான் அது லத்தீன் மொழியில் இருந்ததையே கவனித்தானாம். இந்தக் கதையைத் தமக்கை சொல்லியிருக்கிறார். கதையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தப் பிரதியின் ஓரங்களில் சிறுவனுடைய குறிப்புகளும் திருத்தங்களும் இருக்கின்றன. அச்சிட்டதை அப்படியே ஏற்காமல், தானே போட்டுப் பார்த்திருக்கிறான்!

தந்தையின் சகாவான அமிதேயி என்ற எஞ்சினீயர் பையனுக்கு வரிசையாக நூல்களை இரவல் கொடுத்தார். வடிவ கணித நூல் ஒன்றில் இருநூறுக்கு மேற்பட்ட கணக்குகள். அவருக்கே சில விடுவிக்க இயலாதவை. பையன் அனைத்தையும் போட்டுவிட்டுப் புத்தகத்தைத் திருப்பித் தந்தான். அவருடைய யோசனைப்படியே 1918-இல் பீஸா நகரத்துப் புகழ்பெற்ற கல்லூரியில் சேர்ந்தான். புதிய பௌதிகத்தைச் சொல்லித்தர அங்கே ஆள் இல்லை. ஆய்வுக்கூடத்துத் தலைவர் புச்சியாந்தி, சார்பியல் கொள்கையைத் தமக்குக் கற்றுத் தருமாறு மாணவனையே கேட்டுக்கொண்டார். கேட்ட ஆசிரியரின் பெருந்தன்மையையும் நாம் மறக்கலாகாது.

1922-இல் பட்டம் பெற்ற ஃபெர்மி, ஜெர்மனியில் கெட்டிங்கன் நகருக்குப் போனார். ஹைசன்பர்க் முதலிய இளம் மேதைகள் நிறைந்த இடம். அங்கே அவர் மனம் ஒட்டவில்லை. தம்மிடம் சரக்கு இருக்கிறதா என்ற ஐயமே வந்துவிட்டது. 1924-இல் ஹாலந்தில் லைடன் நகரத்துப் பேராசிரியர் எரன்பெஸ்ட் தட்டிக்கொடுத்த பிறகே அது நீங்கியது. ஆராய்ச்சியின் முதல் ஆண்டில் சோர்ந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஒரே நிலையில் இரண்டு எலெக்ட்ரான்கள் இருக்கலாகாது என்பது பௌலி கண்ட விதி. அதற்கு உட்பட்ட துகள்கள் கூட்டமாகச் சேர்ந்தால் எப்படி நடந்துகொள்ளும் என்று 1926-இல் ஃபெர்மி கணக்கிட்டார். இங்கிலாந்தில் டிராக்கும் தனியே அதே முடிவுக்கு வந்தார். இந்தச் செய்தி நம் ஊருக்கு வந்த விதமும் சுவையானது. 1928-இல் சென்னைக்கு வந்த ஜெர்மானியப் பேராசிரியர் சோமர்ஃபெல்ட், மாநிலக் கல்லூரி மாணவர் எஸ். சந்திரசேகருக்கு இப்புதிய கணக்கைப் பற்றிச் சொன்னார். அடுத்த ஆண்டே சந்திரசேகரின் கட்டுரை லண்டன் ராயல் சொஸைட்டி ஏட்டில் வெளிவந்தது. பிற்காலத்தில் இருவரும் சிகாகோவில் சகாக்களாகி, 1953-இல் சேர்ந்தே கட்டுரை எழுதினர்.

ரோமில் பேராசிரியர் பதவி, நியூட்ரான் ஆராய்ச்சி, 1938-இல் நோபல் பரிசு - இவை பாடப்புத்தகத்திலேயே உள்ளவை. மனைவி லாரா யூதர் குலத்தவர். முசோலினி அரசு இனச் சட்டங்களைக் கொண்டுவந்ததும், ஸ்டாக்ஹோமில் பரிசை வாங்கிக்கொண்டு குடும்பத்துடன் அமெரிக்காவுக்கே போய்விட்டார். 1942 டிசம்பர் 2-ஆம் நாள் சிகாகோவில் முதல் அணு உலையை இயக்கினார். பின்னர் அணுகுண்டு. அதை ஜப்பான்மீது போடலாம் என்று 1945-இல் ஆலோசனை கூறிய நான்கு விஞ்ஞானிகளில் அவரும் ஒருவர். 1949-இல் ஹைட்ரஜன் குண்டைக் கடுமையாக எதிர்த்ததும் அவர்தான். பின்னது முன்னதைத் துடைத்துவிடாது.

நிற்க. நம் துறைக்கு வருவோம். போருக்குப் பின் சிகாகோவில், பையான் என்ற துகளைப் புரோட்டானில் மோதவிட்டு, ஒரு குறிப்பிட்ட சக்தியில் மோதல் பெருகுவதை 1952-ஐ ஒட்டி ஃபெர்மி குழுவினர் கண்டனர். அங்கே பிறந்தது டெல்டா என்னும் குறுவாழ்வுத் துகள். 1964-இல் குவார்க் கொள்கை வந்தபோது அதுவே பெரும் புதிராயிற்று. டெல்டா வகைகளில் ஒன்றில் ஒரே மாதிரியான மூன்று குவார்க்குகள் ஒரே நிலையில் இருந்தன. ஃபெர்மியான்கள் அப்படி இருக்கலாகாதே! குவார்க்குகளுக்கு ‘நிறம்’ என்றொரு குணம் உண்டென்று கொண்டால்தான் விதி பிழைக்கும். அந்த நிறத்திலிருந்தே 1973-இல் க்வாண்டம் குரோமோடைனமிக்ஸ் எழுந்தது.

1953-இல் கார்னெல் பல்கலைக்கழகத்து இளம் பேராசிரியர் டைசன், தம் மாணவர்கள் பாடுபட்டுப் போட்ட மீசான் கணக்குகளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்தார். ஃபெர்மியின் சோதனை எண்களோடு அவை நன்றாகவே பொருந்தின. ஃபெர்மி வரைபடங்களைப் புரட்டிவிட்டு, இதில் தெளிவான பௌதிகச் சித்திரமும் இல்லை, முரணற்ற கணித அமைப்பும் இல்லை, நான்கு எண்களை வேண்டியபடி மாற்றிக்கொண்டால் எதுவும் பொருந்தும் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பிவிட்டார். எத்தனை பேருடைய உழைப்பு! ஆனால் அவர் சொன்னதே சரி என்று டைசனே பின்னாளில் எழுதினார். இணைவிசை வலுவாக இருக்குமிடத்தில் படிப்படியான தோராயக் கணக்கு செல்லாது. 1974-இல் கென்னத் வில்சன், காலத்தையும் இடத்தையும் வலைபோல் புள்ளிகளாகப் பகுத்து வேறு வழி காட்டினார். 1980-ஐ ஒட்டி மைக்கேல் க்ரூட்ஸ் அவ்வலையைக் கம்ப்யூட்டரில் ஏற்றினார்.

குருட்டெண்களை வீசிக் கணக்கிடும் மான்டி கார்லோ முறைதான் அங்கே கருவி. அம்முறைக்குப் பெயர் வருமுன்பே, 1930-களில் ரோமில் தூக்கம் வராத இரவுகளில் ஃபெர்மி கைக்கணக்கு இயந்திரத்தில் அதைப் பழகியிருந்தார் என்று அவர் சீடர் செக்ரே கூறியதாக வரலாறு. ஐம்பது வயதில், லாஸ் அலமோஸின் மேனியாக் இயந்திரத்துக்குக் கட்டளை எழுதவும் தாமே கற்றார். இன்று பெரிய புரோகிராம்கள் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றை ஓட்டியே கட்டுரையும் எழுதிவிடலாம். முதலில் நான்கு புள்ளிக்கு நான்கு புள்ளி வலையொன்றைத் தானே எழுதி ஓட்டிப் பார்ப்பவனுக்கே, வரும் விடை தவறானால் தவறென்று தெரியும்.

மேனியாக்கில் அவர் கடைசியாக ஈடுபட்ட கணக்கு, சுருள் கம்பிகளால் பிணைத்த புள்ளி வரிசை ஒன்றைப் பற்றியது. பாஸ்டா, உலாம் இருவரும் உடன் உழைத்தனர். இயந்திரக் கட்டளைகளை எழுதியவர் மேரி ஸிங்கோ என்ற இளம்பெண். ஊட்டிய சக்தி எங்கும் பரவும் என்று எதிர்பார்த்தார்கள். அது ஏறக்குறையப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தது. ஃபெர்மிக்கு ஒரே ஆச்சரியம். அறிக்கை எழுதி முடிக்குமுன் வயிற்றுப் புற்றுநோய் கண்டது. ஆஸ்பத்திரியில் பார்க்கச் சென்ற செக்ரே கண்டது, குழாய்வழி சொட்டும் ஆகாரத்தின் துளிகளை ஸ்டாப் வாட்ச்சை வைத்து அவர் கணக்கிட்டுக்கொண்டிருந்ததைத்தான். 1954 நவம்பர் 28-ஆம் நாள், 53-ஆம் வயதில் காலமானார். அறிக்கை 1955 மே மாதத்தில் அவர் பெயரோடு வெளிவந்தது.