கற்பிப்பவர் மீண்டும் மாணவரானார்
டாக்டர் உ.வே. சாமிநாதையர் வாழ்வில் நம் மாணவர்க்குரிய பாடம்

ஆரணியில் பட்டு நெய்வோரிடம் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்துவிட்டால், அதனைக் காணாதவர் போல் அவர் மேலே நெய்வதில்லை. தறியை நிறுத்தி, அறுந்த இழையைத் தேடியெடுத்துப் பிணைத்த பின்னரே வேலையைத் தொடர்கின்றார். பிணைக்காது விட்ட இழையின் குறை, சேலையின் நீளம் முழுதும் கோடாகத் தெரியும் என்பதை அவர் அறிவார்.

கல்வியும் இத்தகையதே. இந்நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகள், பள்ளிப் படிப்பை முடித்து ஆண்டுதோறும் கல்லூரிகளில் சேருகின்றனர். பள்ளியில் முதன்மை பெற்றவர் சிலர் கல்லூரியின் முதலாண்டிலேயே தளர்ச்சியடைவதையும் காண்கின்றோம். அவர்பால் அறிவுக் குறை ஏதும் இல்லை. தெரியாததைத் தெரியாது என ஒப்பி, அறிந்தாரை அடுத்துக் கேட்கும் துணிவே குறைகின்றது. அத்துணிவால் உயர்ந்த பெரியார் ஒருவரின் வரலாற்றை இங்குச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். அவர் நம் சமயத்தவர் அல்லர். எனினும் நம் சமயத்தார் நன்றியுடன் போற்றுதற்குரியவர்.

அன்றைய தஞ்சை மாவட்டத்து உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட சாமிநாதையர், 1855ஆம் ஆண்டு பிப்ரவரி 19ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர் இசை வல்லவர். மைந்தரும் இசையில் தேர வேண்டுமென விரும்பியவர். வறுமையால் குடும்பம் ஊர் ஊராக இடம் பெயர்ந்தது. ஆயினும் மைந்தரின் உள்ளம் தமிழையே நாடிற்று. அரியலூர், குன்னம், கார்குடி, செங்கணம் முதலிய ஊர்களில், அங்கங்கே இருந்த புலவர்களை அடுத்துச் சிறுசிறு நூல்களை அவர் பாடங்கேட்டார். ஓர் ஆசிரியரிடம் கற்கத்தக்கவற்றைக் கற்றபின் அடுத்தவரைத் தேடிச் சென்றார். நூல்கள் எளிதிற் கிட்டாத அக்காலத்தில் செவியும் நினைவாற்றலுமே அவர்க்குப் புத்தகங்களாக அமைந்தன.

1871ஆம் ஆண்டில் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் மாணவராகச் சேர்ந்தார். ஆசிரியர் பாடல்களை இயற்றிச் சொல்லச் சொல்ல, ஏட்டில் பிழையின்றி எழுதும் பணியையும் மேற்கொண்டார். அதனால் கவனமும் விரைவும் பிழை காணும் கூர்மையும் அவர்பால் வளர்ந்தன. 1876ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் ஆசிரியர் மறைந்தார். அதன்பின் திருவாவடுதுறை ஆதீனத்துச் சுப்பிரமணிய தேசிகரிடம் பயின்றதோடு, மடத்து மாணவர்க்குப் பாடமும் சொல்லிவந்தார். 1880ஆம் ஆண்டு பிப்ரவரியில், கும்பகோணம் கல்லூரியின் தமிழாசிரியராக இருந்த தியாகராச செட்டியார் ஓய்வு பெற்றபோது, அவருடைய முயற்சியால் அப்பதவி இருபத்தைந்து வயதினரான சாமிநாதையருக்குக் கிடைத்தது.

பலர் தம் கல்வி நிறைவுற்றதெனக் கருதும் இடம் இதுவேயாகும். ஆனால் அவ்வாண்டு அக்டோபர் 21ஆம் நாள், கும்பகோணத்தில் முன்சீபாகப் பணியேற்றிருந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்க நேர்ந்தது. தாம் கற்ற நூல்கள் எவையென முதலியார் வினவவே, அந்தாதிகள், கோவைகள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என நீண்டதொரு பட்டியலைக் கூறினார். முதலியார் அதனால் மகிழ்ந்தாரல்லர். சீவக சிந்தாமணி போன்ற பழைய நூல்களைக் கற்றதுண்டோ எனக் கேட்டார். சாமிநாதையர் அதனைக் கற்றதில்லை. அதனை மறைக்காது ஒப்புக்கொண்டார். முதலியார் சிந்தாமணிப் பிரதியைத் தந்து தமக்குப் பாடம் சொல்ல வேண்டினார். அவரும் அதற்கு இசைந்தார்.

சிந்தாமணி, திருத்தக்க தேவர் என்னும் சமண முனிவர் அருளிய காப்பியம் என்பதும், பதின்மூன்று இலம்பகங்களை உடையது என்பதும் நம் வாசகர் அறிந்தனவே. அதனுட் பயிலும் நம் சமயச் சொற்களும் கொள்கைகளும் சைவ மடத்தில் பயின்றவர்க்குப் புதியனவாக இருந்தன. நச்சினார்க்கினியர் உரையை வைத்துக்கொண்டும் பல இடங்கள் விளங்கவில்லை. ஊகத்தால் ஒரு பொருளைச் சொல்லிச் சென்றிருந்தால் எதிர்த்துக் கேட்பார் எவரும் இரார். அவர் அவ்வாறு செய்யாது, கும்பகோணத்தில் வாழ்ந்த சமணர்களை நாடிச் சென்றார்.

அங்குச் சந்திரநாத செட்டியார் இல்லத்திற்கு அவர் சென்றபொழுது, அவ்வில்லம் கோலமும் தோரணமுமாக விழாக் கோலம் பூண்டிருந்தது. சிந்தாமணியை முறையாகப் படித்து நிறைவு செய்ததை முன்னிட்டே அச்சிறப்பு என அறிந்தார். தாம் பொருள் காண இடர்ப்பட்ட நூல், அவ்வில்லத்தில் வழிபாட்டிற்குரிய நூலாகப் படிக்கப்பெற்று வருதல் கண்டு வியந்தார். அன்று முதல் அவ்வில்லத்திற்குச் சென்று பாடங்கேட்கும் மாணவரானார். வீடூர் அப்பாசாமி நயினார் முதலிய நம் பெரியோர்களிடம் தம் ஐயங்களைத் தீர்த்துக்கொண்டார். பகலில் கல்லூரியில் ஆசிரியர். மற்றைப் பொழுதில் வேற்றுச் சமயத்தார் முன் மாணவர். சைவச் சூழலில் வளர்ந்தவர் சமண நூலை ஆராய்வதா என முகஞ்சுளித்தாரும் அக்காலத்தில் இருந்தனர். அதற்காக அவர் தம் முயற்சியைக் கைவிடவில்லை.

அவர் கற்ற முறையும் நோக்கத்தக்கது. ஒரே பிரதியை நம்பாது, பல ஊர் ஏட்டுச் சுவடிகளைத் திரட்டி ஒப்பிட்டார். உரையாசிரியர் பெயர் குறியாது காட்டிய மேற்கோள்களைத் தொகுத்துக்கொண்டு, அவை எந்நூலைச் சேர்ந்தவை எனத் தேடினார். அத்தேடலே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. பத்துப்பாட்டு 1889இலும், சிலப்பதிகாரம் 1892இலும், புறநானூறு 1894இலும் தொடர்ந்து வெளிவந்தன. மணிமேகலையை ஆராய்ந்தபோது பௌத்தக் கொள்கைகளை அறிய வேண்டியிருந்தது. அவை பற்றிய ஆங்கில நூல்களைப் படிக்கத் தமக்கு ஆங்கிலம் தெரியாமையால், கல்லூரியில் உடன் பணியாற்றிய ரங்காசாரியாரைப் படித்துச் சொல்லச் செய்து கேட்டார்; 1898இல் அந்நூலும் வெளிவந்தது. 1903 முதல் 1919 வரை சென்னை மாநிலக் கல்லூரியில் பணிபுரிந்தார். 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டமும், 1932இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டமும் பெற்றார். 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் மறையும் வரை அவர் பணி ஓயவில்லை.

நம் ஆசாரியர் உமாசுவாமி, தத்துவார்த்த சூத்திரத்தில் அகத்தவங்களுள் ஒன்றாகிய சுவாத்தியாயத்தை ஐந்தாகப் பகுத்துள்ளார். வாசனா என்பது படித்தல். பிருச்சனா என்பது வினவுதல். அனுப்பிரேக்ஷா என்பது சிந்தித்தல். ஆம்னாயம் என்பது பிழையின்றித் திரும்பத் திரும்ப ஓதுதல். தர்மோபதேசம் என்பது பிறர்க்கு எடுத்துரைத்தல். சாமிநாதையர் வாழ்வில் இவ்வைந்தும் அமைந்திருத்தலைக் காணலாம். நம் மாணவரிற் பலர் முதலாவதையும் நான்காவதையும் மட்டுமே கல்வி எனக் கொள்கின்றனர். வினவுதல் விடுபட்டால் மற்றவை பயன் தருவதில்லை.

ஆதலின் கல்லூரி செல்லும் இளைஞர்க்கு நாம் கூறுவது இதுவே. அன்றன்று விளங்காதவற்றைத் தனிக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வாரம் முடிவதற்குள் ஆசிரியரிடமோ உடன் பயில்வோரிடமோ கேட்டுத் தெளியுங்கள். ஆங்கிலம் தடையாயின் அதில் வல்ல நண்பரைத் துணைக்கொள்ளுங்கள். ஒரே நூலை நம்பாது இரண்டு மூன்றை ஒப்பிடுங்கள். கற்றதை மற்றொருவர்க்கு விளக்கிப் பாருங்கள். எவ்விடத்தில் நாத் தடுமாறுகின்றதோ அவ்விடத்தில் இழை அறுந்துள்ளது என்று கொள்ளுங்கள்.

பெற்றோர்க்கும் ஒரு சொல் உண்டு. அன்று அவ்வறிஞர் கும்பகோணத்தில் நம்மவர் இல்லத்தை நாடி வந்தபோது, விடை கூற அவ்வில்லத்தார் ஆயத்தமாக இருந்தனர். வழிவழியாக வீட்டில் நூல் ஓதிவந்த பழக்கத்தின் பயன் அது. இன்று அத்தகைய ஒருவர் நம் வாயிலில் வந்து நின்று சிந்தாமணியில் ஓர் ஐயம் கேட்பாராயின், விடை கூறுவார் நம் இல்லத்தில் எத்துணைப் பேர்? பூண்டிப் பொன்னெழில்நாதர் ஆலயத்திற்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் நாம், மாலையில் அரை மணி நேரமேனும் அவர்களுடன் அமர்ந்து நம் நூல்களை ஓதுதல் வேண்டும். வீட்டில் வினவிப் பழகிய பிள்ளை கல்லூரியில் வினவ அஞ்சாது. அறுந்த இழையை அன்றே பிணைப்போமாக.