எழுத்தின் ஐயம் களைந்த முனிவர்

நுழையும்முன்

மொழி பழையது, அதன் வரிவடிவமோ காலந்தோறும் மாறுவது. நாம் இன்று தடையின்றிப் படிக்கும் எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் பின்னே ஒருவரின் உழைப்பு இருக்கிறது. அவரே வீரமாமுனிவர்.

ஓர் ஊர், ஒரு சொல்

புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள பாகூர், கல்வியால் சிறந்த பழம்பதி. 9ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் இவ்வூர்க் கல்விநிலையத்திற்கு மூன்று ஊர்கள் கொடையாக வழங்கப்பட்டதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. பரந்த ஏரியால் வயல் செழிக்கும் ஊர் அது. ஆயினும், பழைய எழுத்துமுறையில் ‘ஏரி’ என்று எழுதினால் அதனை ‘எரி’ என்றும் படிக்கலாம். நீரையும் நெருப்பையும் எழுத்து வேறுபடுத்தவில்லை. இடம் நோக்கியே பொருள் கொள்ள வேண்டியிருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. எகரமும் ஒகரமும் புள்ளி பெறும் என்பது தொல்காப்பிய விதி. புள்ளி இருந்தால் குறில்; இல்லையேல் நெடில். ஓலையில் எழுத்தாணியால் புள்ளியிட்டால் ஓலை சிதையும் என்பதால், எழுதுவோர் அதனை விட்டுவிட்டனர். அதனால் குறிலும் நெடிலும் ஒரே வடிவமாயின. ‘கெடு’, ‘கேடு’ என்பனவும் ‘கொடு’, ‘கோடு’ என்பனவும் மயங்கின. 1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சேறியபோதும் இந்த மயக்கம் அச்சுடன் தொடர்ந்தது.

தமிழ் கற்ற துறவி

வீரமாமுனிவரின் இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. இவர் 1680ஆம் ஆண்டு இத்தாலியின் காஸ்திக்கிளியோனே நகரில் பிறந்தார். இயேசு சபைத் துறவியாகி, 1710ஆம் ஆண்டு இந்தியா வந்தார். மதுரைப் பணித்தளத்தைச் சேர்ந்து, சுப்ரதீபக் கவிராயரிடம் தமிழ் பயின்றார். ஏலாக்குறிச்சியில் தங்கிச் சமயப்பணியும் தமிழ்ப்பணியும் ஆற்றினார். 3615 பாடல்களைக் கொண்ட ‘தேம்பாவணி’ இவரது புலமைக்குச் சான்று. திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார்.

தாய்மொழியாளர் பழக்கத்தால் கடந்துசெல்லும் இடங்களில், புதிதாகக் கற்பவர் தடுமாறுவார். அத்தடுமாற்றத்தையே இவர் சீர்திருத்தத்திற்கு வித்தாக்கினார். நெடிலுக்குத் தனி அடையாளம் வகுத்தார். ஒற்றைக் கொம்பின் தலையைச் சுழித்து நெடிற்கொம்பு ஆக்கினார். ஏகாரமும் ஓகாரமும் எகர ஒகரங்களினின்று வேறுபட்ட வடிவம் பெற வழியமைத்தார். புதிய எழுத்து எதையும் அவர் புகுத்தவில்லை. இருந்த எழுத்துக்கே ஒரு சிறு சுழி போதுமானதாயிற்று.

அகராதியும் அச்சும்

1732ஆம் ஆண்டு ‘சதுரகராதி’யை இயற்றினார். அதற்கு முன்பு சொற்பொருள் அறிய, செய்யுள் வடிவிலான நிகண்டுகளை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்தது. இவரோ சொற்களை அகரவரிசையில் அடுக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நால்வகையாகப் பகுத்தார். வழக்கொழிந்த சொல்லின் பொருளையும் எவரும் தேடிக் காணலாயிற்று. எகரமும் ஏகாரமும் தெளிவாகப் பிரிந்தால்தான் அத்தகைய வரிசை முறையாக அமையும் என்பது எண்ணத்தக்கது.

பேச்சுத்தமிழை விளக்கும் ‘கொடுந்தமிழ்’ இலக்கணத்தை இலத்தீனில் எழுதினார். சமயக் கொள்கையில் தரங்கம்பாடி லுத்தரன் சபையாரோடு எழுத்தால் வாதிட்டவர் இவர். ஆயினும், அந்நூல் 1738ஆம் ஆண்டு அவர்களின் அச்சகத்திலேயே வெளிவந்தது. கருத்தில் மாறுபட்டோரையும் தமிழ் இணைத்தது.

நிலைத்த புகழ்

வீரமாமுனிவர் 1747ஆம் ஆண்டு மறைந்தார். புதுச்சேரியில் பிறந்த முத்துசாமிப் பிள்ளை 1822ஆம் ஆண்டு அவரது வரலாற்றை எழுதினார். புதுச்சேரி அச்சகத்தில் 1851 முதல் 1853 வரை ‘தேம்பாவணி’ நூலாக அச்சேறியது.

காப்பியத்தைக் கற்றோர் போற்றுவர். அவர் வகுத்த சுழியையோ, எழுத்தறிந்த ஒவ்வொருவரும் நாள்தோறும் எழுதுகின்றனர். பாகூரில் பள்ளிச் சிறுவன் ஒருவன் தன் ஊர் ஏரியின் பெயரை ஐயமின்றி எழுதும்போதெல்லாம், அம்முனிவரின் பணி தொடர்கிறது.