ஜேம்ஸ் ஸ்டார்லி: சைக்கிள் சக்கரத்தின் கம்பிகளைச் சாய்த்துக் கோத்த தோட்டக்காரர்

ஸ்ரீமுஷ்ணம் கடைத்தெருவில் நிற்கும் எந்த சைக்கிளையும் கொஞ்சம் குனிந்து பாருங்கள். ஸ்போக்ஸ் கம்பிகள் நடு ஹப்பிலிருந்து ரிம்முக்கு நேராகப் போகாது. ஒன்று முன்பக்கம் சாயும், அடுத்தது பின்பக்கம் சாயும், வழியில் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொண்டு போகும். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு தரும் விலையில்லா சைக்கிளிலும் இப்படித்தான். பல லட்சம் ரூபாய்க்கு விற்கும் மலைச்சரிவுப் பந்தய சைக்கிளிலும் இப்படித்தான்.

இந்த அமைப்புக்கு 1874-ல் காப்புரிமை வாங்கியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்டார்லி. இன்ஜினியரிங் படித்தவர் இல்லை. தோட்டக்காரராக வேலை பார்த்தவர்.

வீட்டை விட்டு ஓடிய பையன்

ஸ்டார்லி பிறந்தது 1830 ஏப்ரல் 21-ல், தெற்கு இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் ஆல்போர்ன் என்ற சின்ன கிராமத்தில். அப்பா விவசாயி. ஒன்பது வயதிலேயே வயல் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் கை சும்மா இருக்காது, எலிப்பொறி மாதிரி எதையாவது செய்துகொண்டே இருப்பார். விவசாயம் பிடிக்காமல் பதின்வயதில் வீட்டை விட்டுக் கிளம்பி, லண்டன் பக்கம் போய்ச் சேர்ந்தார்.

அங்கே கிடைத்தது தோட்ட வேலை. வேலை கொடுத்த ஜான் பென், கப்பல் இன்ஜின் தயாரிப்பில் அன்றைக்குப் பெரிய பெயர். ஓய்வு நேரத்தில் கடிகாரம் ரிப்பேர் பார்ப்பது ஸ்டார்லியின் வழக்கம். பென் வீட்டில் ஒரு தையல் மெஷின் இருந்தது, அந்தக் காலத்தில் அது அபூர்வமான, விலை அதிகமான பொருள். அது கெட்டுப்போனபோது தோட்டக்காரர் அதைப் பிரித்துச் சரி செய்தார், முன்னைவிட நன்றாக ஓடும்படி சில மாற்றங்களும் செய்தார். தையல் மெஷின் கம்பெனி ஒன்றில் பங்குதாரராக இருந்த ஜோசையா டர்னர், பென்னுக்குத் தெரிந்தவர். 1859-ல் ஸ்டார்லி அந்தக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார்.

கொஞ்ச நாளில் டர்னரும் ஸ்டார்லியும் கவென்ட்ரி நகரத்துக்குப் போய் சொந்தமாகத் தையல் மெஷின் கம்பெனி தொடங்கினார்கள். ஏன் கவென்ட்ரி? பட்டு ரிப்பன் நெசவும் கடிகாரத் தொழிலும்தான் அந்த ஊரின் பிழைப்பு. 1860-ல் பிரான்ஸுடன் போட்ட வர்த்தக ஒப்பந்தத்தால் பிரெஞ்சுப் பட்டு வரியில்லாமல் உள்ளே வந்தது. ரிப்பன் நெசவு சரிந்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பட்டினியில் விழுந்தன, பலர் நாட்டை விட்டே போனார்கள். மில் மூடினால் ஒரு ஊர் என்ன ஆகும் என்று தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரியும். கைத்திறன் உள்ள ஆட்கள் வேலையில்லாமல் நின்ற ஊரில்தான் இந்தக் கம்பெனி வந்தது.

பாரிஸிலிருந்து வந்த வண்டி

1868-ல் டர்னரின் உறவினரும் கம்பெனியின் பாரிஸ் ஏஜென்ட்டுமான ரௌலி டர்னர், அங்கிருந்து ஒரு புது வண்டியைக் கொண்டுவந்தார். முன்சக்கரத்திலேயே பெடல், மரச் சக்கரம், அதன்மேல் இரும்புப் பட்டை. கல் பாவிய ரோட்டில் ஓட்டினால் எலும்பு ஆடிப்போகும். பிரான்ஸில் இதற்குக் கிராக்கி இருந்ததால் கம்பெனி தயாரிப்பில் இறங்கியது, அதற்காகப் பெயரையும் மாற்றிக்கொண்டது. ஆனால் 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டது. பிரெஞ்சு ஏற்றுமதி நின்றது. இனி உள்ளூரில்தான் விற்க வேண்டும், அதற்கு இன்னும் நல்ல வண்டி வேண்டும்.

இந்த இடத்தில் நம்ம ஊர் மாட்டு வண்டியை நினைத்துக்கொண்டால் விஷயம் சுலபமாகப் புரியும். குடம், ஆரக்கால், வட்டை. கீழே இருக்கும் ஆரக்கால் தூண் மாதிரி நின்று பாரத்தைத் தாங்கும். பூவராகசுவாமி கோயில் தேர் போன்ற பெரிய தேர்களில் ஆரக்காலுக்கே வேலையில்லை, சக்கரம் முழுவதும் திடமாக இருக்கும். பலம் வேண்டுமானால் கனம் கூடும், வேறு வழி இல்லை.

கம்பிச் சக்கரம் இதைத் தலைகீழாக மாற்றியது. மெல்லிய கம்பியால் தூணாக நிற்க முடியாது, அமுக்கினால் வளைந்துவிடும். ஆனால் இழுத்துக் கட்டினால் பெரிய பாரத்தைத் தாங்கும். எல்லாக் கம்பியையும் முன்கூட்டியே இழுத்து முறுக்கி வைத்துவிட்டால், வண்டி ஓடும்போது தரையைத் தொடும் பக்கத்துக் கம்பிகளில் இறுக்கம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். கம்பி தொய்யாத வரை சக்கரம் நிற்கும்.

இந்த யோசனை ஸ்டார்லிக்கு மட்டும் சொந்தமில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பாரிஸைச் சேர்ந்த யூஜின் மேயர் 1869-லேயே கம்பிச் சக்கரத்துக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். சைக்கிளின் தந்தை என்று ஸ்டார்லியை மட்டும் கொண்டாடும்போது மேயர் பெயர் காணாமல் போய்விடுகிறது.

1870 ஆகஸ்டில் ஸ்டார்லியும் வில்லியம் ஹில்மேனும் சேர்ந்து ஏரியல் என்ற முழு உலோக சைக்கிளுக்குக் காப்புரிமை பெற்றார்கள். பெரிய முன்சக்கரம், சின்னப் பின்சக்கரம். பெடல் நேராகச் சக்கரத்திலேயே இருந்ததால், சக்கரம் எவ்வளவு பெரியதோ ஒரு மிதிக்கு அவ்வளவு தூரம் போகும். விளம்பரத்துக்காக இருவரும் லண்டனிலிருந்து கவென்ட்ரி வரை 96 மைல் தூரத்தை ஒரே நாளில் ஓட்டிக் காட்டினார்கள். இன்றைய ரோட்டிலேயே அது லேசான வேலை இல்லை.

1874: கம்பி சாய்ந்தது

ஏரியலில் ஒரு குறை இருந்தது. கம்பிகள் நடுவிலிருந்து விரிந்து நேராகப் போயின. பெடலை மிதித்தால் ஹப் முதலில் திரும்பும், ரிம் ஒரு நொடி பின்தங்கும். நேர்க்கம்பியால் இந்தத் திருகலைத் தடுக்க முடியாது. அதற்காக ஸ்டார்லி ஒரு நெம்புகோலை வைத்திருந்தார். அது ஹப்பையே கொஞ்சம் திருப்பி எல்லாக் கம்பியையும் ஒன்றாக முறுக்கும். கெட்டிக்கார ஏற்பாடுதான், ஆனால் ஒரே ஒரு கம்பி தொய்ந்தால் அதை மட்டும் சரிசெய்ய வழியில்லை. ஆள் உயரத்தில் உட்கார்ந்து போகும் வண்டியில் சக்கரம் கோணினால், ஓட்டுபவர் தலைகுப்புறப் போவார்.

1874 காப்புரிமையின் விடை ரொம்ப எளிமையானது. கம்பியை ஹப்பின் விளிம்பைத் தொட்டபடி சாய்த்துக் கோக்க வேண்டும். பாதிக் கம்பிகள் முன்னோக்கி, பாதி பின்னோக்கி. மிதிக்கும்போது ஒரு கூட்டம் இழுக்கும், எதிர்த்திசையில் விசை வந்தால் மறு கூட்டம் இழுக்கும். கடையில் பெண்டு எடுக்கும் மெக்கானிக், ஒவ்வொரு நிப்பிளாகத் திருகிச் சக்கரத்தை நேராக்குவது இந்த வகைச் சக்கரத்தில்தான்.

மலைச்சரிவு சைக்கிளுக்கு இது ஏன் முக்கியம்?

மலையிலிருந்து பாறை, வேர், குழி மீது பாய்ந்து இறங்கும் டவுன்ஹில் சைக்கிளில் டிஸ்க் பிரேக் இருக்கும். பிரேக் பிடிப்பது ஹப்பை. நிற்க வேண்டியதோ ரிம்மும் டயரும். அந்த முழு விசையும் கம்பி வழியாகத்தான் போக வேண்டும். அதனால் இதில் நேர்க்கம்பிச் சக்கரம் சரிப்படாது. ஸ்டார்லியின் சாய்வு கட்டாயம்.

பொதுவாக 32 கம்பி, ஒவ்வொரு கம்பியும் மூன்று கம்பிகளைக் கடந்து போகும் கோப்பு. பழைய கனமான ரோட்ஸ்டர் சைக்கிளில் முன்னால் 32, பின்னால் 40 கம்பி இருக்கும். பின்சக்கரம்தான் அதிக பாரம் சுமக்கிறது.

கம்பி வாங்கும்போது பலர் செய்யும் தப்பு, தடிமனாக இருந்தால் உறுதி என்று நினைப்பது. இரு முனையும் 2 மில்லிமீட்டர், நடுவில் 1.8 மில்லிமீட்டர் என்று மெலிந்த கம்பிதான் பெரும்பாலும் நீடித்து உழைக்கும். அடி விழும்போது நடுப்பகுதி கொஞ்சம் நீண்டு கொடுத்து, பாரத்தைப் பக்கத்துக் கம்பிகளுக்கும் பகிரும். கம்பி வழக்கமாக முறிவது ஹப்பில் மாட்டும் வளைவில். அந்த வளைவு இதனால் தப்பிக்கிறது.

நிப்பிள் பித்தளையில் இருக்கட்டும். அலுமினியத்தில் சில கிராம் மிச்சமாகும், ஆனால் அரித்து இறுகிப்போனால் திருகவே முடியாது, தலையும் உடையும். அகலமான அலுமினிய ரிம் பாறையில் மோதினால் நசுங்கும், ஓரளவு தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். கார்பன் ரிம் விறைப்பாக இருக்கும், ஆனால் விரிசல் விட்டால் மாற்றத்தான் வேண்டும். பாகம் எவ்வளவு உயர்ந்ததானாலும் கோப்பதில் கோட்டை விட்டால் பயனில்லை. பின்சக்கரத்தில் இறுக்கமான பக்கக் கம்பி ஒவ்வொன்றிலும் சுமார் 100 முதல் 120 கிலோ இழுவிசை இருக்கும் (ரிம் தயாரிப்பாளர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டக் கூடாது), ஒரே பக்கத்துக் கம்பிகளுக்குள் அது சமமாகவும் இருக்க வேண்டும். கம்பி முறிவதற்கு அதிக இறுக்கத்தைவிடத் தொய்வே பெரும்பாலும் காரணம். தொய்ந்த கம்பி ஒவ்வொரு சுற்றிலும் தளர்ந்து இறுகி, தளர்ந்து இறுகி, கடைசியில் களைத்து முறியும்.

மகனோடு விழுந்த அப்பா

ஸ்டார்லி அடுத்து மூன்று சக்கர வண்டிகளில் இறங்கினார். இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து மிதிக்கும் வண்டியில் மகன் வில்லியமுடன் போனாராம். மகனின் மிதிக்கு அப்பாவால் ஈடுகொடுக்க முடியவில்லை. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய், இருவரையும் ஓரத்துக் காஞ்சொறிப் புதரில் தள்ளியது என்பது அந்தக் குடும்பத்துக் கதை. 1877-ல் அவர் சைக்கிளுக்கான டிஃபரென்ஷியல் கியருக்குக் காப்புரிமை பெற்றார். கியர் யோசனை பிரான்ஸில் 1820-களிலேயே உண்டு, அதை மிதிவண்டிக்குக் கொண்டுவந்தது ஸ்டார்லி. திருப்பத்தில் இரண்டு பின்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் சுற்ற விடும் அந்தக் கியர், இன்று ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து விருத்தாசலம் போகும் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் இருக்கிறது.

அந்த மூன்று சக்கர வண்டி ஒன்றில் ஒரு பெண் போவதைப் பார்த்த விக்டோரியா மகாராணி இரண்டு வண்டிகளுக்கு ஆர்டர் கொடுத்தார், செய்தவரே கொண்டுவந்து தர வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். முன்னாள் தோட்டக்காரர் அரண்மனைக்குப் போய் வண்டியைக் காட்டினார், வெள்ளிக் கடிகாரம் பரிசாகக் கிடைத்தது. பெண்கள் சைக்கிள் ஓட்டலாமா என்ற பேச்சு அடிபட்ட காலத்தில் ராணியே வாங்கியது வியாபாரத்துக்கு எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

1881 ஜூன் 17-ல் புற்றுநோயால் ஸ்டார்லி இறந்தார். வயது 51. கவென்ட்ரியில் அவருக்கு 1884-ல் நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. அதற்கு அடுத்த வருஷம் அவரது சகோதரர் மகனான ஜான் கெம்ப் ஸ்டார்லி ரோவர் என்ற சைக்கிளை வெளியிட்டார். ஏறக்குறைய ஒரே அளவில் இரண்டு சக்கரம், பின்சக்கரத்துக்குச் செயின். விழுந்தாலும் ஆபத்து குறைவு என்பதால் அதைப் பாதுகாப்பு சைக்கிள் என்றார்கள். போலந்து மொழியில் சைக்கிளுக்கு இன்றைக்கும் ரோவர் என்றுதான் பெயர்.