சிட்டுக்குருவி காட்டிய வழி
பறவையியல் மேதை சலீம் அலி அவர்களின் வாழ்க்கை வரலாறு



பஜ்ருத் தொழுகை முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும்போது நம் செவிகளில் முதலில் விழுவது பறவைகளின் ஒலியாகும். நாள்தோறும் கேட்பதாலேயே நாம் அதனைக் கவனிப்பதில்லை. ஆனால் அவ்வொலியைக் கேட்டு, அதற்குரிய பறவையைத் தேடிச் சென்று, தம் வாழ்நாள் முழுவதையும் அதற்கே ஒப்படைத்த பெருமகனார் ஒருவர் நம் சமுதாயத்தில் பிறந்து வாழ்ந்தார். அவரே சலீம் மொய்சுத்தீன் அப்துல் அலி.

1896ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் நாள், பம்பாயில் ஒரு சுலைமானி போரா குடும்பத்தில் கடைக்குட்டியாக அவர் பிறந்தார். ஒரு வயதில் தந்தையையும் மூன்று வயதில் தாயையும் இழந்தார். யத்தீமாக நின்ற அக்குழந்தையையும் அவருடைய உடன்பிறப்புகளையும் தாய்மாமன் அமீருத்தீன் தியாப்ஜியும், பிள்ளைப்பேறு இல்லாத ஹமீதா பேகம் அம்மையாரும் கேத்வாடியிலிருந்த தம் இல்லத்தில் வளர்த்தனர். அன்று அவர்கள் காட்டிய பரிவு, பிற்காலத்தில் ஒரு நாட்டுக்கே பயன் தந்தது.

மாமன் வேட்டையில் விருப்பமுள்ளவர். அவர் அன்பளிப்பாகத் தந்த சிறு காற்றுத் துப்பாக்கியே சிறுவன் சலீமின் விளையாட்டுப் பொருள். குதிரை லாயத்தின் சுவர்த் துளையில் ஒரு சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. பெண்குருவி உள்ளே அடைகாக்க, ஆண்குருவி வெளியே காவலிருந்தது. லாயத்தில் நின்ற வண்டியின் பின்னே மறைந்திருந்து சிறுவன் அந்த ஆண்குருவியைச் சுட்டான். சிறிது நேரத்தில் பெண்குருவிக்கு வேறோர் ஆண்குருவி துணையாக வந்தது. அதையும் சுட்டான். இவ்வாறு ஏழு நாட்களில் எட்டு ஆண்குருவிகள் வீழ்ந்தன. அவனுக்கு அப்போது ஏறக்குறையப் பத்து வயது. சுட்டதைப் பெருமையாக எண்ணிய அந்த வயதிலும், கண்டதை ஒழுங்காகக் குறித்து வைத்தான். வேட்டைக்காரச் சிறுவனுக்குள் ஓர் ஆய்வாளன் இருந்தமைக்கு அக்குறிப்பே சான்று.

1908ஆம் ஆண்டில் அவன் சுட்ட ஒரு குருவியின் தொண்டையில் மஞ்சள் நிறத் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று மாமனுக்கும் தெரியவில்லை. 1883ஆம் ஆண்டு முதல் இயங்கி வந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்திற்குச் சிறுவனை அவர் அனுப்பி வைத்தார். கழகச் செயலாளர் மில்லர்டு என்னும் ஆங்கிலேயர், தயங்கி நின்ற சிறுவனை அன்புடன் வரவேற்றார். அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறியதோடு, இழுப்பறைகளைத் திறந்து, பதப்படுத்தி வைக்கப்பட்டிருந்த பறவைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார். படிக்க நூல்களும் தந்தார். அந்த ஒரு நாள் அவனுடைய வாழ்வின் திசையை மாற்றியது.

ஆயினும் பாதை எளிதாக அமையவில்லை. தீராத தலைவலியால் படிப்பு தடைப்பட்டது. 1913இல் சிரமப்பட்டே மெட்ரிக் தேறினார். பர்மாவின் தவாய் பகுதிக்குச் சென்று, குடும்பத்தாரின் சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் கவனித்தார். அங்கும் அவருடைய மனம் காட்டுப் பறவைகளின் பின்னேயே சென்றது. 1917இல் ஊர் திரும்பி, வணிகக் கல்வியோடு விலங்கியலும் பயின்றார். 1918இல் தெஹ்மினா அம்மையாரை மணந்தார்.

பல்கலைக்கழகப் பட்டம் இல்லாத காரணத்தால் இந்திய விலங்கியல் ஆய்வுத் துறையில் அவருக்குப் பணி கிட்டவில்லை. 1926இல் பம்பாய் அருங்காட்சியகத்தில் வழிகாட்டி விரிவுரையாளராகச் சேர்ந்தார். பின்னர் விடுப்பு எடுத்துக்கொண்டு ஜெர்மனிக்குச் சென்று, பெர்லினில் பேராசிரியர் எர்வின் ஸ்டிரெஸ்மான் அவர்களிடம் பறவையியலை முறையாகக் கற்றார். 1930இல் திரும்பி வந்தபோது, நிதியில்லை என்று கூறி அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது.

வேலையை இழந்த அவர் மனைவியுடன் பம்பாய்க்கு அருகிலுள்ள கிஹிம் என்னும் கடலோரச் சிற்றூரில் குடியேறினார். அங்கே தூக்கணாங்குருவிகள் கூட்டமாகக் கூடு கட்டிக்கொண்டிருந்தன. நம் பகுதியில் பனையிலும் கிணற்றோர மரங்களிலும் தொங்குகின்றனவே, அதே கூடுகள்தாம். சலீம் அலி அவற்றை நாள்தோறும் பொறுமையாகக் கவனித்தார். ஆண்குருவி புல்லையும் நெற்பயிரின் இலைநாரையும் கிழித்து வந்து பாதிக் கூட்டைப் பின்னுகிறது. பெண்குருவி வந்து சோதித்துப் பார்க்கிறது. அதற்குப் பிடித்தால் மட்டுமே கூடு நிறைவு பெறும். பிடிக்காத கூடு பாதியிலேயே கைவிடப்படும். ஒரு பெண்குருவி குடியேறி முட்டையிட்டதும், ஆண்குருவி அடுத்த கூட்டைத் தொடங்கி வேறொரு துணையைத் தேடுகிறது. பலரும் பார்த்தும் அறியாதிருந்த இந்த வாழ்க்கை முறையை அவர் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டபோது அறிஞர் உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. வேலையிழந்த காலமே அவருக்குப் புகழின் வாயிலாயிற்று.

அதன்பின் ஹைதராபாத், திருவிதாங்கூர், கொச்சி முதலிய சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தார். களச் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டால் போதும், ஊதியம் வேண்டாம் என்பதே அவர் முன்வைத்த ஏற்பாடு. கூடாரங்களிலும் காட்டுப் பாதைகளிலும் அவருக்குத் துணையாக இருந்தவர் தெஹ்மினா அம்மையார். 1939இல் ஒரு சிறு அறுவைச் சிகிச்சையைத் தொடர்ந்து அம்மையார் காலமானார். இப்பேரிழப்பிலிருந்து மீள, அன்பு காட்டிய சகோதரி கமூ அவர்களின் குடும்பம் அவருக்கு நிழல் தந்தது.

1941இல் அவருடைய இந்தியப் பறவைகள் பற்றிய நூல் வெளிவந்தது. பாமரரும் பறவைகளை அடையாளம் காண அது வழிகாட்டியது. அமெரிக்க அறிஞர் டில்லன் ரிப்ளியுடன் இணைந்து எழுதிய பத்துத் தொகுதிகள் கொண்ட பெருநூல் 1968 முதல் 1974 வரை வெளியாயிற்று. அது நிறைவுறும்போது அவர் எண்பதை நெருங்கியிருந்தார். பரத்பூர் நீர்ப்பறவைக் காப்பிடத்தையும் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கையும் காப்பதற்கு அவர் குரல் பெரிதும் உதவியது. நம் மாவட்டத்திற்கு அருகிலுள்ள கோடியக்கரையின் சிறப்பையும் அவர் உணர்ந்திருந்தார். வலசைவரும் பறவைகளின் கால்களில் வளையமிட்டு அவற்றின் பயணத்தை அறியும் பணியை அவருடைய கழகம் அங்கு நடத்தியது.

ஆய்வுக்காகப் பறவைகளைச் சுடுவதை அவர் முற்றிலும் கைவிட்டவர் அல்லர். ஆயினும் வீணாக உயிர்களை அழிப்பதை வெறுத்தார். 1958இல் பத்மபூஷண், 1976இல் பத்மவிபூஷண், 1985இல் மாநிலங்களவை நியமன உறுப்பினர் பதவி எனப் பெருமைகள் வந்தன. பரிசாகக் கிடைத்த பெருந்தொகையை இயற்கைப் பாதுகாப்பு நிதிக்கே அளித்தார். 1987இல், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். 1990இல் கோவை ஆனைகட்டியில் அவர் பெயரால் பறவையியல் ஆய்வு மையம் தொடங்கப்பட்டது.

அன்பர்களே! லாயச் சுவரில் ஒரு துளை இருந்ததால் அன்று சிட்டுக்குருவி கூடு கட்டிற்று. ஓட்டு வீடுகள் மறைந்து, காங்கிரீட் வீடுகள் பெருகிய இந்நாளில் அதற்குத் துளை ஏது? ஒன்றேகால் அங்குலத் துளையிட்ட சிறு மரப்பெட்டியை, வெயிலும் மழையும் நேரே படாத இடத்தில், பூனைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டால் போதும். அகலமான மண்சட்டியில் தண்ணீர் வைத்து நாள்தோறும் மாற்றுங்கள். கம்பு, தினை, நொய்யரிசி சிறிது தூவுங்கள். குஞ்சுகளுக்குப் புழு பூச்சிகளே உணவாதலால், வீட்டுத் தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிப்பதைக் குறையுங்கள். பெட்டியை அடிக்கடி திறந்து பார்க்காதீர்கள். குருவி உடனே வராவிட்டாலும் பொறுத்திருங்கள்.

நம் பிள்ளைகள் கையில் உண்டிவில்லைக் கண்டால் கடிந்துகொள்வதோடு நின்றுவிடாமல், ஒரு குறிப்பேட்டையும் கொடுங்கள். பெயர் தெரியாத ஒரு பறவையோடு வந்த சிறுவனை அன்று ஒரு பெரியவர் அலட்சியம் செய்திருந்தால், சலீம் அலி என்னும் மேதையை நாடு பெற்றிருக்காது. கேள்வியோடு வரும் பிள்ளைக்கு நேரம் ஒதுக்குவது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.