6 நிமிஷப் பாட்டை வெட்ட மறுத்த ஃப்ரெடி மெர்குரி: ‘போஹிமியன் ராப்சோடி’ ஹிட்டானது எப்படி?

உலகமே கொண்டாடிய ராக் பாடகர் ஃப்ரெடி மெர்குரி, சின்ன வயசுல படிச்சது நம்ம மகாராஷ்டிராவின் பஞ்ச்கனியில்! இயற்பெயர் ஃபரோக் பல்சாரா. 1946 செப்டம்பர் 5-ம் தேதி, ஆப்பிரிக்காவை ஒட்டிய சான்சிபார் தீவில் பார்சி குடும்பத்தில் பிறந்தார். 8 வயதில் பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூலுக்கு வந்தவர், அங்கேயே நண்பர்களோடு ‘தி ஹெக்டிக்ஸ்’ என்ற பேண்டில் பியானோ வாசித்தார்.

1964-ல் சான்சிபாரில் புரட்சி வெடிக்க, குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பிச் சென்றது. லண்டனில் கிராஃபிக் டிசைன் படித்தார். கென்சிங்டன் மார்க்கெட்டில் துணி விற்றார். 1970-ல் பிரையன் மே, ரோஜர் டெய்லருடன் சேர்ந்து பேண்ட் ஆரம்பித்தார். அதற்கு ‘குயின்’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். அடுத்த வருஷம் ஜான் டீக்கன் இணைந்தார்.

கையில் காசில்லை

1974-ல் ‘கில்லர் குயின்’ பாட்டு பெரிய ஹிட். ஆனா பேண்ட் கையில் பணமே இல்லை. மேனேஜ்மென்ட் நிறுவனத்தோடு தகராறு முற்றி, அங்கிருந்து வெளியேறினார்கள். அடுத்த ஆல்பம் ஓடியே ஆகணும் என்ற நெருக்கடி. அந்த நேரத்தில் ஃப்ரெடி எழுதியதுதான் ‘போஹிமியன் ராப்சோடி’.

அப்படி என்ன ஸ்பெஷல்?

மெதுவான பியானோ, கிட்டார் சோலோ, ஓபரா, அதிரடி ராக் என எல்லாமே ஒரே பாட்டில். திரும்பத் திரும்ப வரும் பல்லவி கிடையாது. ஓபரா பகுதிக்கு மட்டும் சுமார் 3 வாரம் ஆனது. மூன்றே பேர் குரல்களை அடுக்கடுக்காகப் பதிவு செய்ததில், டேப்பே தேய்ந்து போனது.

சிக்கல் எங்கே வந்தது?

பாட்டின் நீளம் 5 நிமிடம் 55 நொடி. ரேடியோவில் அப்போது 3 நிமிடப் பாட்டுக்குத்தான் மவுசு. ரெக்கார்டு கம்பெனி ஈஎம்ஐ தயங்கியது. ஆனா பாட்டை வெட்ட ஃப்ரெடியும் பேண்டும் சம்மதிக்கவே இல்லை. ஃப்ரெடியின் நண்பர், கேபிடல் ரேடியோவின் கென்னி எவரெட், வெளியாகாத அந்தப் பாட்டை ஒரே வார இறுதியில் 14 முறை ஒலிபரப்பினார். கேட்டவர்கள் ரெக்கார்டு கடைகளுக்குப் படையெடுத்தார்கள்.

1975 அக்டோபர் 31-ல் முழு நீளத்தோடு சிங்கிள் வெளியானது. டூர் கிளம்பும் முன் சுமார் 4 மணி நேரத்தில் எடுத்த வீடியோ, டிவியில் பரபரப்பானது. பிரிட்டனில் தொடர்ந்து 9 வாரம் நம்பர் 1!

மறுபடியும் முதலிடம்

1991 நவம்பர் 23-ல், தனக்கு எய்ட்ஸ் இருப்பதை ஃப்ரெடி அறிவித்தார். மறுநாளே காலமானார். வயது 45. அடுத்த சில வாரங்களில் மறுவெளியீடு ஆன ‘போஹிமியன் ராப்சோடி’, ஒரு நொடிகூட வெட்டப்படாமல் மீண்டும் நம்பர் 1 ஆனது. அதில் வந்த வருமானம், எய்ட்ஸ் நோயாளிகளுக்கு உதவும் டெரன்ஸ் ஹிக்கின்ஸ் அறக்கட்டளைக்குப் போனது.